கிளவுடில் பாக்கெட் ஃபார்வர்டிங்: லினக்ஸ் கெர்னல் அமைப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, ஐபி ஃபார்வர்ட் 1-னுதான் இருக்கு. ஆனா ஒரு பாக்கெட்கூட வெளியே போகலை."

குடியாத்தத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இரவு பத்து மணிக்குப் போன் செய்து சொன்னது இது. நான் சத்துவாச்சாரியில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "சோர்ஸ் டெஸ்டினேஷன் செக்கை எடுத்தியா?" என்று கேட்டேன். "அது எங்கண்ணா இருக்கு?" என்றான். பாக்கெட் என்பது நெட்வொர்க்கில் பயணிக்கும் தரவுத் துண்டு. ஒரு இயந்திரம் வேறொருவருக்கான பாக்கெட்டை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்புவதுதான் ஃபார்வர்டிங். அன்று போனில் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

வாலாஜா பக்கம் பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கால்வாய் போகிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால் மட்டும் வயல் நனையாது. தலைமதகு திறக்க வேண்டும், ஏரி மதகு திறக்க வேண்டும், கடைசியில் வயல் மடையையும் வெட்டிவிட வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பொறுப்பு. கிளவுடில் பாக்கெட் போகிற வழியும் இப்படித்தான். முதல் மதகு கிளவுட் நிறுவனத்தின் கையில், இரண்டாவது லினக்ஸின் மையமான கெர்னலின் கையில், மூன்றாவது ஃபயர்வாலின் கையில். நம்மில் பலர் நடுவில் இருப்பதை மட்டும் திறந்துவிட்டு, தண்ணீர் ஏன் வரவில்லை என்று கரையில் நின்று யோசிக்கிறோம்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் நாம் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். புள்ளி, அடிக்கோடு எல்லாம் இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கட்டும்.

நம் அமைப்பு

பேச வசதியாக ஒரு எளிய அமைப்பை வைத்துக்கொள்வோம். மொத்த நெட்வொர்க் 10.20.0.0/16. அதன் உள்பிரிவுகள் (சப்நெட்): பப்ளிக் சப்நெட் 10.20.1.0/24, பிரைவேட் சப்நெட் 10.20.2.0/24. பப்ளிக் சப்நெட்டில் ஒரு சின்ன உபுண்டு இயந்திரம், முகவரி 10.20.1.10. இதுதான் நம் நாட் பெட்டி: உள்ளிருந்து வரும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி வெளியே அனுப்பும். பிரைவேட் சப்நெட்டில் 10.20.2.25 என்ற டேட்டாபேஸ் இயந்திரம். அதற்குப் பப்ளிக் ஐபி கிடையாது. அப்டேட் எடுக்க மட்டும் நாட் பெட்டி வழியாக இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும்.

அமேசானே நாட் கேட்வே தருகிறதே என்று கேட்பீர்கள். தருகிறது, மணிக்கணக்கில் ஒரு கட்டணம், கடந்துபோகிற ஒவ்வொரு ஜிபிக்கும் இன்னொரு கட்டணம். பெரிய கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பில்லிங் சாஃப்ட்வேரை மட்டும் கிளவுடில் வைத்திருக்கும் சிறிய தோல் கம்பெனிகளுக்கு ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி போதும். விபிஎன், குபெர்நெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) என்று எதைக் கட்டினாலும் இதே அமைப்புகள்தான் திரும்ப வரும்.

படி 1: கிளவுடின் மதகு

கெர்னலைத் தொடுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். ஒரு இயந்திரத்துக்குச் சொந்தமில்லாத முகவரிக்கு வரும் பாக்கெட்டை கிளவுட் அந்த இயந்திரத்திடம் கொடுப்பதே இல்லை. சொந்தமில்லாத முகவரியிலிருந்து கிளம்பும் பாக்கெட்டை வெளியேயும் விடாது. திருட்டு முகவரியில் யாரும் பேசக்கூடாது என்பதற்கான காவல் இது. ரவுட்டர் வேலை பார்க்கும் பெட்டிக்கு இந்தக் காவலை எடுத்தாக வேண்டும்.

அமேசானில் இதன் பெயர் சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக். இயந்திரத்தின் நெட்வொர்க்கிங் மெனுவில் இருக்கும், நிறுத்துங்கள். அஷூரில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் (இயந்திரத்தின் நெட்வொர்க் வாசல்) அமைப்பில் ஐபி ஃபார்வர்டிங் என்று இருக்கும். அதை இயக்க வேண்டும். கூகுள் கிளவுடிலும் ஐபி ஃபார்வர்டிங் என்றுதான் பெயர். இயந்திரத்தை உருவாக்கும்போதே போட்டுவிடுங்கள், பின்னால் மாற்றுவது தலைவலி. ஓப்பன்ஸ்டாக் கிளவுட் என்றால் போர்ட் செக்யூரிட்டியையோ, அனுமதித்த முகவரிப் பட்டியலையோ பார்க்க வேண்டும்.

அப்புறம் ரவுட் டேபிள், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல். பிரைவேட் சப்நெட்டின் ரவுட் டேபிளில் 0.0.0.0/0 (மற்ற எல்லா முகவரிகளும்) என்ற வரி நாட் பெட்டியின் இன்டர்ஃபேஸைக் காட்ட வேண்டும். நாட் பெட்டியின் செக்யூரிட்டி குரூப்பில் (கிளவுட் தரும் ஃபயர்வால்) 10.20.2.0/24-இலிருந்து உள்ளே வர அனுமதி இருக்க வேண்டும். வெளியே போகும் விதியை மட்டும் பார்த்துவிட்டு இந்த உள்வரும் விதியை மறப்பவர்கள் நிறையப் பேர்.

படி 2: ஐபி ஃபார்வர்ட்

லினக்ஸ் நிறுவியவுடன் தன்னை ஒரு சாதாரண இயந்திரமாகத்தான் நினைத்துக்கொள்ளும். தனக்கு வராத பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். அந்த எண்ணத்தை மாற்றுவது இந்த வரி (சிஸ்சிடிஎல் என்பது கெர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை):

சிஸ்சிடிஎல் -டபிள்யூ நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட்=1

இது உடனே அமலுக்கு வரும், ரீபூட் செய்தால் போய்விடும். நிரந்தரமாக்குவதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்த ஒரு வரி பார்க்கச் சாது, ஆனால் மதிப்பு மாறும்போது பக்கத்தில் இருப்பதையும் தொடும். எல்லா இன்டர்ஃபேஸின் ஃபார்வர்டிங் மதிப்பையும் ஒரே அடியில் மாற்றிவிடும். ரீடைரக்ட் (படி 4-இல் வரும்) ஏற்கும் அமைப்பையும் மாற்றும். "ஈத்2 என்ற இன்டர்ஃபேஸில் மட்டும் ஃபார்வர்டிங் வேண்டாம்" என்று முன்பே 0 போட்டிருந்தால் அது 1 ஆகிவிடும். அதனால் கோப்பில் எழுதும்போது இதை முதல் வரியாக வையுங்கள், மற்றவை அதற்குக் கீழே.

கெர்னல் உண்மையில் என்ன முடிவெடுக்கும் என்று அதனிடமே கேட்க ஒரு கட்டளை உண்டு. பாக்கெட் எதையும் அனுப்ப வேண்டியதில்லை:

ஐபி ரவுட் கெட் 8.8.8.8 ஃப்ரம் 10.20.2.25 ஐஐஎஃப் ஈத்0

"10.20.2.25-இலிருந்து 8.8.8.8-க்குப் போகும் பாக்கெட் ஈத்0 வழியாக உள்ளே வந்தால் என்ன செய்வாய்?" என்பதுதான் கேள்வி. உங்கள் இயந்திரத்தில் இன்டர்ஃபேஸ் பெயர் இஎன்எஸ்5 என்று இருக்கலாம், அதைப் போடுங்கள். வழி தெரிந்தால் கேட்வே முகவரியோடு பதில் வரும். "நோ ரவுட் டு ஹோஸ்ட்" என்று வந்தால் முதல் சந்தேகம் ஃபார்வர்டிங் மேல்தான். அந்த இன்டர்ஃபேஸில் அது அணைந்திருக்கும். "இன்வேலிட் கிராஸ்-டிவைஸ் லிங்க்" என்று வந்தால் அடுத்த படியில் இருக்கும் ஆள்தான் காரணம். இந்தப் பதில்களின் பொருள் தெரியாமல் நான் பல நாள் தடவியிருக்கிறேன்.

படி 3: ஆர்பி ஃபில்டர்

காட்பாடி ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என நாலு பக்கமும் தண்டவாளம். திருப்பதியிலிருந்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வண்டி விழுப்புரம் பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் என்ன செய்வார்? ஆர்பி ஃபில்டர் செய்வதும் அதைத்தான். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அனுப்புநர் முகவரிக்குத் திரும்பப் போக வேண்டுமென்றால் எந்த இன்டர்ஃபேஸ் என்று பார்க்கும். வந்த இன்டர்ஃபேஸ் வேறாக இருந்தால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.

மதிப்பு 0 என்றால் சோதனை இல்லை. 1 என்றால் கறார். 2 என்றால் தளர்வு: ஏதாவது ஒரு இன்டர்ஃபேஸ் வழியாகப் போக முடிந்தாலும் சரி. டிஃபால்ட் ரவுட் (வேறு வழி பொருந்தாதபோது எடுக்கும் வழி) இருக்கும் இயந்திரத்தில் எந்த முகவரிக்கும் ஏதோ ஒரு வழி இருக்கத்தான் செய்யும். அங்கே 2 என்பது ஏறக்குறைய சோதனையே இல்லை என்பதற்குச் சமம்.

எல்லோரும் சறுக்கும் இடம் இனிமேல்தான். எல்லா இன்டர்ஃபேஸுக்குமாக ஆல் என்ற பெயரில் ஒரு மதிப்பு, ஈத்0 என்ற பெயரில் ஒரு மதிப்பு. கெர்னல் இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளும். ஆல்.ஆர்பி_ஃபில்டரில் 0 போட்டுவிட்டு அணைத்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். ஈத்0-இல் 1 இருந்தால் கறார் சோதனை அப்படியே நடக்கும். மாறாக ஆலில் 2 போட்டால், 2 தான் பெரியது என்பதால் எல்லா இன்டர்ஃபேஸும் தளர்வுக்கு வந்துவிடும்.

ஒரே இன்டர்ஃபேஸ் உள்ள நம் நாட் பெட்டிக்கு இந்தப் பிரச்சினை வராது. வருவதும் போவதும் ஒரே வாசல். இரண்டு இன்டர்ஃபேஸ் வைத்தால் வரும். ஈத்1 பிரைவேட் சப்நெட்டில் இருக்கிறது, புதிதாக 10.20.3.0/24 என்று இன்னொரு சப்நெட் சேர்க்கிறீர்கள், அதன் பாக்கெட்டும் ஈத்1 வழியாக வருகிறது என்று வையுங்கள். அந்தச் சப்நெட்டுக்கு ஈத்1 வழி என்று கெர்னலுக்கு யாரும் சொல்லவில்லை. அது டிஃபால்ட் ரவுட்டைப் பார்த்து ஈத்0 என்று நினைக்கிறது. கறார் சோதனை பாக்கெட்டைக் கொன்றுவிடும். உடனே 0 போட ஓடாதீர்கள். 10.20.3.0/24-க்கு ஈத்1 வழி என்று ஒரு ரவுட் சேர்ப்பதுதான் சரியான மருந்து. பதில் பாக்கெட் திரும்பும் வழியும் அதிலேயே சரியாகிவிடும்.

கெர்னல் இந்தக் காரணத்துக்காகத் தூக்கிப் போட்ட கணக்கு வேண்டுமென்றால் என்ஸ்டாட் -ஏஇசட் அடித்து, ரிவர்ஸ்பாத்ஃபில்டர் என்று முடியும் வரியைப் பாருங்கள். அதே பட்டியலில் ஃபார்வ்டேட்டாகிராம்ஸ் என்ற வரி எத்தனை பாக்கெட்டை ஃபார்வர்ட் செய்யப் பார்த்தது என்று காட்டும்.

படி 4: ரீடைரக்ட்

ஒரே இன்டர்ஃபேஸில் வந்து அதிலேயே வெளியே போகும் பாக்கெட்டைப் பார்த்தால், "என்னிடம் ஏன் வருகிறாய், நேராக அங்கேயே போ" என்று கெர்னல் ஐசிஎம்பி ரீடைரக்ட் அனுப்பும் (பிங், பிழைச் செய்தி போன்றவை போகும் நெறிமுறைதான் ஐசிஎம்பி). கிளவுடில் இந்த அறிவுரையால் யாருக்கும் பயனில்லை. சென்ட்_ரீடைரக்ட்ஸ் அமைப்பை 0 ஆக்குங்கள். இங்கே ஆல், ஈத்0 இரண்டில் எது 1 ஆக இருந்தாலும் அனுப்பும் என்பதால் இரண்டிலும் 0 வேண்டும். ஆக்செப்ட்_ரீடைரக்ட்ஸும் 0 இருக்கட்டும்.

படி 5: ஃபயர்வாலும் நாட்டும்

லினக்ஸின் ஃபயர்வால் கருவி ஐபிடேபிள்ஸ். அதில் கடந்துபோகும் பாக்கெட்டுக்கான விதிப் பட்டியல்தான் ஃபார்வர்ட் செயின். அதன் கொள்கை, அதாவது எந்த விதியும் பொருந்தாதபோது எடுக்கும் முடிவு, என்ன என்று முதலில் பாருங்கள்:

ஐபிடேபிள்ஸ் -எல் ஃபார்வர்ட் -என்வி

முதல் வரியிலேயே பாலிசி டிராப் என்று இருந்தால், அந்தப் பெட்டியில் டாக்கர் (கன்டெய்னர் ஓட்டும் மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். டாக்கர் தானே ஐபி ஃபார்வர்டை 1 ஆக்கும்போது, ஃபார்வர்ட் செயினின் கொள்கையையும் டிராப் ஆக்கிவிடும். உங்கள் விதிகளை டாக்கர்-யூசர் என்ற செயினில் சேர்த்தால் அவை டாக்கரின் விதிகளுக்கு முன்னால் பார்க்கப்படும். என்னைக் கேட்டால் நாட் பெட்டியில் டாக்கரே வேண்டாம்.

நாட் விதி ஒன்றே ஒன்று:

ஐபிடேபிள்ஸ் -டி நாட் -ஏ போஸ்ட்ரவுட்டிங் -எஸ் 10.20.2.0/24 ! -டி 10.20.0.0/16 -ஓ ஈத்0 -ஜே மாஸ்கரேட்

முதலில் வரும் -டி டேபிளைக் குறிக்கும் எழுத்து, ஆச்சரியக்குறிக்குப் பின் வரும் -டி டெஸ்டினேஷனைக் குறிக்கும் எழுத்து. நடுவில் இருக்கும் ஆச்சரியக்குறிப் பகுதி முக்கியம். நம் நெட்வொர்க்குக்கு உள்ளேயே போகும் பாக்கெட்டின் முகவரி மாறக்கூடாது. இல்லையென்றால் உள்ளே இருக்கும் சர்வரின் லாகில் எல்லோரும் 10.20.1.10 ஆகத் தெரிவார்கள். யார் எங்கிருந்து வந்தார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

படி 6: நாலு வரி எண்ணுவது

இப்போது சோதனை. நாட் பெட்டியில் இதை ஓட விடுங்கள்:

டிசிபிடம்ப் -என்ஐ ஈத்0 ஐசிஎம்பி

டேட்டாபேஸ் இயந்திரத்திலிருந்து 8.8.8.8-க்கு ஒரே ஒரு பிங். எல்லாம் சரி என்றால் நாட் பெட்டியின் திரையில் நாலு வரி வர வேண்டும்:

10.20.2.25 > 8.8.8.8 (கேள்வி உள்ளே வந்தது)
10.20.1.10 > 8.8.8.8 (முகவரி மாறி வெளியே போனது)
8.8.8.8 > 10.20.1.10 (பதில் வந்தது)
8.8.8.8 > 10.20.2.25 (பதில் உரியவரிடம் போனது)

எத்தனையாவது வரியில் நிற்கிறது என்பதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். ஒரு வரிகூட இல்லையா? பாக்கெட் உங்கள் பெட்டிக்கே வரவில்லை; படி 1-க்குத் திரும்புங்கள். குடியாத்தம் தம்பிக்கு அன்று வந்தது இந்தப் பூஜ்யம்தான். அவன் இரண்டு மணி நேரம் சிஸ்சிடிஎல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான், பாக்கெட்டோ கெர்னலின் வாசலையே மிதிக்கவில்லை.

ஒரு வரியோடு நின்றால் கெர்னலோ ஃபார்வர்ட் செயினோ விழுங்கிவிட்டது. இரண்டாவது வரியிலும் 10.20.2.25 என்றே இருந்தால் மாஸ்கரேட் விதி பொருந்தவில்லை. இரண்டு வரியும் சரியாக இருந்து பதில் வரவில்லை என்றால் நாட் பெட்டிக்குப் பப்ளிக் ஐபி இருக்கிறதா, பப்ளிக் சப்நெட்டின் ரவுட் டேபிளில் இன்டர்நெட் கேட்வே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் நின்றால் ஃபார்வர்ட் செயினில் எஸ்டாப்ளிஷ்ட் (ஏற்கெனவே தொடங்கிய இணைப்பின்) பாக்கெட்டுக்கு அனுமதி இல்லை. நாலும் வந்தும் பிங் தோற்றால் பிரைவேட் சப்நெட்டின் நெட்வொர்க் ஏசிஎல்லை (சப்நெட்டின் அனுமதிப் பட்டியல்) பாருங்கள்.

படி 7: கான்ட்ராக் என்ற ஏரி

நாட் செய்யும் கெர்னல் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு அட்டவணையில் குறித்துவைக்கும். ஏரி நிரம்பினால் கோடி போகும், அதாவது உபரிநீர் வழிந்து வெளியேறும். இந்த அட்டவணை நிரம்பினால் புதிய இணைப்புகள் கீழே விழும். டிமெசேஜில் (கெர்னலின் லாக்) "என்எஃப்_கான்ட்ராக்: டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்" என்று வரும். பழைய இணைப்புகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், புதியவை மட்டும் திறக்காது. "சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்யவில்லை" என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

என்எஃப்_கான்ட்ராக்_கவுண்ட் இப்போதைய அளவு, என்எஃப்_கான்ட்ராக்_மேக்ஸ் உச்ச அளவு. இரண்டையும் ஒப்பிடுங்கள். உச்சத்தை 262144 என்று உயர்த்தலாம், ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம். நிலைபெற்ற டிசிபி இணைப்பை அட்டவணையில் வைத்திருக்கும் காலம் இயல்பாக 432000 விநாடி, அதாவது ஐந்து நாள். ஒரு பக்கம் சொல்லாமல் செத்துப்போன இணைப்பும் ஐந்து நாள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இதை 86400 ஆக்குங்கள். ரொம்பவும் குறைக்காதீர்கள்: லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் செய்தி) முதல் முறை போவதே 7200 விநாடி கழித்துத்தான். அதற்குக் கீழே போனால் சும்மா காத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகள் நடுவில் அறுந்துவிடும்.

இந்த அமைப்புகள் என்எஃப்_கான்ட்ராக் மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் துணைப் பகுதி) ஏறிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். பூட் நேரத்தில் மாட்யூல் ஏறாவிட்டால் உங்கள் கோப்பின் வரி பிழை சொல்லித் தோற்கும். மாட்யூல் பெயரை /எடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி அடைவில் ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள்.

படி 8: பெரிய பாக்கெட் சிக்குவது

ரயில்வே சுரங்கப்பாதையில் பைக் போகும், லோடு லாரி சிக்கும். பிங் போகிறது, எஸ்எஸ்எச் உள்ளே நுழைகிறது, ஆனால் பெரிய கோப்பைக் காட்டச் சொன்னால் திரை உறைகிறது என்றால் எம்டியூதான் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) காரணம். அமேசானில் நெட்வொர்க்குக்குள் 9001, இன்டர்நெட் பக்கம் 1500. கூகுள் கிளவுடில் இயல்பு 1460. வயர்கார்டு விபிஎன் சுரங்கம் போட்டால் 1420. நாட் பெட்டியில் விபிஎன்னும் ஓடினால் இந்த விதியைச் சேர்த்துவிடுங்கள்:

ஐபிடேபிள்ஸ் -டி மேங்கிள் -ஏ ஃபார்வர்ட் -பி டிசிபி --டிசிபி-ஃபிளாக்ஸ் சின்,ஆர்எஸ்டி சின் -ஜே டிசிபிஎம்எஸ்எஸ் --கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியூ

செக்யூரிட்டி குரூப்பில் ஐசிஎம்பியை முழுக்க அடைத்துவைக்காதீர்கள். "உன் பாக்கெட் பெரிது, குறைத்து அனுப்பு" என்ற செய்தி அதில்தான் வருகிறது.

ஐபிவி6 வைத்திருப்பவர்களுக்கு

நெட்.ஐபிவி6.கான்ஃப்.ஆல்.ஃபார்வர்டிங்=1 போட்ட அடுத்த நொடி டிஃபால்ட் ரவுட் காணாமல் போகலாம். தான் ரவுட்டர் ஆகிவிட்டோம், இனி வேறு ரவுட்டரின் அறிவிப்பைக் கேட்க வேண்டியதில்லை என்று கெர்னல் முடிவெடுத்துவிடுகிறது. ஈத்0-இன் ஆக்செப்ட்_ஆர்ஏ மதிப்பை முன்கூட்டியே 2 ஆக்குங்கள். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி இருக்கும் இயந்திரங்களில் அறிவிப்பை அதுவே வாங்குகிறது; அங்கே அதன் கோப்பில் ஐபிவி6ஆக்செப்ட்ஆர்ஏ=யெஸ் வேண்டும். ஐபிவி6 வழியாகவே லாகின் செய்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

எதைப் போட வேண்டாம்

நாற்பது வரி சிஸ்சிடிஎல் பட்டியலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள். டிசிபி_ஆர்மெம், டிசிபி_டபிள்யூமெம், சோமேக்ஸ்கான், டிசிபி_டிடபிள்யூ_ரீயூஸ் எல்லாம் அந்த இயந்திரமே திறக்கும் சாக்கெட்டுக்கானவை (அதன் சொந்த இணைப்பு முனை). கடந்துபோகும் பாக்கெட் சாக்கெட் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. நாட் பெட்டியில் இவற்றை மாற்றிவிட்டு "இப்போ வேகமா இருக்குண்ணா" என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

குபெர்நெட்டிஸுக்கு மட்டும் இரண்டு வரி: ஐபி ஃபார்வர்ட் 1 இல்லையென்றால் குபிஅட்ம் (குபெர்நெட்டிஸ் நிறுவும் கருவி) முன்சோதனையிலேயே நின்றுவிடும். பிரிட்ஜ் வழியே போவதை ஐபிடேபிள்ஸ் பார்க்க வேண்டுமென்றால் பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூலும், பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்=1 என்ற வரியும் வேண்டும்.

படி 9: நிரந்தரமாக்குவது

/எடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் 90-ஃபார்வர்ட்.கான்ஃப் என்று ஒரு கோப்பு:

நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட் = 1
நெட்.ஐபிவி4.கான்ஃப்.ஆல்.ஆர்பி_ஃபில்டர் = 2
நெட்.ஐபிவி4.கான்ஃப்.ஆல்.சென்ட்_ரீடைரக்ட்ஸ் = 0
நெட்.ஐபிவி4.கான்ஃப்.டிஃபால்ட்.சென்ட்_ரீடைரக்ட்ஸ் = 0
நெட்.ஐபிவி4.கான்ஃப்.ஈத்0.சென்ட்_ரீடைரக்ட்ஸ் = 0
நெட்.ஐபிவி4.கான்ஃப்.ஆல்.ஆக்செப்ட்_ரீடைரக்ட்ஸ் = 0
நெட்.நெட்ஃபில்டர்.என்எஃப்_கான்ட்ராக்_மேக்ஸ் = 262144
நெட்.நெட்ஃபில்டர்.என்எஃப்_கான்ட்ராக்_டிசிபி_டைம்அவுட்_எஸ்டாப்ளிஷ்ட் = 86400

சிஸ்சிடிஎல் --சிஸ்டம் அடியுங்கள். சிஸ்சிடிஎல் -பி மட்டும் அடித்தால் அது /எடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் என்ற ஒரே கோப்பைத்தான் படிக்கும். உங்கள் புதிய கோப்பைத் தொடாது. ஐபிடேபிள்ஸ் விதிகளை நெட்ஃபில்டர்-பெர்சிஸ்டென்ட் கொண்டு தனியாகச் சேமிக்க வேண்டும்.

அப்புறம் நீங்களே ஒருமுறை ரீபூட் செய்து, நாலு வரியை மறுபடி எண்ணுங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். பாதுகாப்புக்காக ஒரு ஹார்டனிங் ஸ்கிரிப்டை ஓட்டினேன். ரவுட்டர் அல்லாத இயந்திரத்தில் ஐபி ஃபார்வர்ட் 0 இருக்க வேண்டும் என்பது அத்தகைய பட்டியல்களில் வழக்கமான விதி. ஸ்கிரிப்ட் அதை /எடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃபில் எழுதிவிட்டது. அந்தப் பெட்டியின் உபுண்டுவில் அந்தக் கோப்புக்கு 99-சிஸ்சிடிஎல்.கான்ஃப் என்ற பெயரில் ஒரு இணைப்பு இருந்தது. ஒரே அமைப்பு இரண்டு கோப்பில் இருந்தால் பெயர் வரிசையில் பின்னால் வருவது ஜெயிக்கும். 90-ஐ 99 தோற்கடித்தது. ஆனால் நான் கையால் போட்டிருந்த 1 நினைவகத்தில் இருந்ததால் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. மாதக் கடைசி சனிக்கிழமை கெர்னல் அப்டேட்டுக்காகப் பெட்டி ரீபூட் ஆனது, ராணிப்பேட்டையில் ஒரு அலுவலகத்தின் பில்லிங் நின்றது. பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு செல்போனில் எஸ்எஸ்எச் திறந்து, கிரெப் போட்டு அந்த 0-வைத் தேடிப் பிடித்தேன். இப்போதெல்லாம் என் கோப்பின் பெயர் 99-இசட்-ஃபார்வர்ட்.கான்ஃப்.